மடிப்புக்கு விட்ட இடம்

அம்மா,

ஷூ கம்பெனி விட்டு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் நுனியில் இருக்கும் சொல்யூஷன் வாசனை போவதில்லை. தோலின் ஓரத்தில் தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி ஒட்டுகிற அந்தப் பசையின் வாசனை முன்பெல்லாம் உன் வாசனையாக இருந்தது. இப்போது என் கையிலிருந்தே வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். இப்போது திரும்புவதில்லை.

நேற்று உன் கட்டைப்பையை ஆணியிலிருந்து இறக்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அப்பா மாட்டியது. நாலு மாதமாக நானும் அவரும் அதைத் தொடவில்லை. அதற்குக் கீழேதான் தண்ணீர்க் குடம் இருக்கிறது. மொண்டு குடிக்கும்போது தலையில் பை இடிக்கும். இடித்தாலும் அதை நகர்த்தி மாட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஷமீம் அக்கா கேட்டதால்தான் இறக்கினேன். மடிப்பு டேபிளில் பதினொரு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது என் பக்கத்தில் உட்கார்கிறாள். "கண்ணு, உங்கம்மா ஜாமெட்ரி பாக்ஸ் வூட்ல சும்மாதான கீது? எம்பொண்ணு பரீட்சைக்கு ரெண்டு நாளு குடேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத்தான் தெரியுமே.

பையில் என்ன இருந்தது என்று எழுதுவதற்கு முன்னால், உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. நாற்பது பேரும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. அப்பா, "வுடு, வூட்ல இருந்து சமையல் கத்துக்கட்டும்" என்றார். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாய், தண்ணீர் வைப்பாய், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாய்.

நாலாம் நாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் புத்தகப் பையைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாய்.

"இது சும்மாதான கெடக்குது. எனக்குக் குடு."

"எதுக்கும்மா?"

"பத்தாவதுல கணக்கு ஒண்ணுதான் போச்சு எனக்கு. மத்ததெல்லாம் பாஸு. கம்பெனில செக்கர் வேலைக்கு ஆள் எடுக்கறப்பல்லாம் பத்தாவது பாஸ் கேக்கறான். அதான்."

அப்பா அடுப்படியில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் நாளெல்லாம் ஈரத்தோலைத் தூக்கிவிட்டு வந்த அலுப்பு அவருக்கு. "நாப்பது வயசுல பாஸ் பண்ணி இன்னா, கலெக்டராவப் போறியா?" என்றார்.

"கலெக்டர் சீட்டு காலி இல்லன்னு சொல்ட்டாங்க. செக்கர் சீட்டுதான் கீதாம்."

நீ என்னைத் திரும்பப் படிக்க வைக்க நாடகம் ஆடுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டும்விட்டேன். "எனக்காகத்தான இதெல்லாம்?" நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு இன்னாத்துக்கு? நீதான் வேணாம்னு வந்துட்டியே. எனக்கு வேணும்" என்றாய்.

அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. போகப்போக அதுவே நிம்மதியாக இருந்தது. ஒரு அம்மா தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு, அதை மகளிடமே சொல்வதை நான் எங்கும் பார்த்ததில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று பாஸ்டர் ஜெபத்தில், மகளுக்காகப் படித்த தாய் என்றார். பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று அழுதார்கள். இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

நான் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு உனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நீ சாயங்காலம் சோறு கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து போடுவாய். பள்ளிக்கூடத்தில் வராத குரல் உன்னிடம் வந்தது. ஆனால் தப்பு என்று மட்டும் சொல்ல வராது. பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உனக்குக் கோபம் வரும். "வாயில இன்னா கொழக்கட்டையா? தப்புன்னா தப்புன்னு சொல்லேன்."

அதற்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். கம்பெனியில் செக்கர் கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கும். விரல் நகத்தில் பாதி அளவுதான். தோலில் கீறல் இருந்தாலும், மடிப்பு கோணினாலும், அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பேச்சே கிடையாது. முனை சரியாக வெட்டுப்படாத அம்புகள் ஒரு பட்டையில் மிஞ்சும். நீ அவளிடம் கேட்டு அதை வாங்கி வந்து என் கையில் வைத்தாய்.

"இந்தா. நீ வாய தொறக்கவே வேணாம். எங்க தப்போ அங்க ஒட்டு. அம்பு திட்டாது பாப்பா, காட்டும். அவ்ளோதான்."

கூடவே கம்பெனி விதியையும் சொன்னாய். ஒட்டினவள் உரிக்கக் கூடாது. யார் அந்தத் தப்பைச் சரிசெய்கிறாளோ அவள்தான் உரிக்க வேண்டும். உரித்ததைக் கீழே போடாமல் தன் டேபிள் ஓரத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

நம் வீட்டில் டேபிள் ஏது? நீ உன் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டினாய். நான் காட்டிய தப்பை அடித்துவிட்டு, கீழே திரும்பப் போட்டு, சரியாக வந்ததும் நகத்தால் அம்பைக் கிள்ளி எடுத்து மூடியில் வரிசையாக ஒட்டுவாய். "பாத்தியா, இன்னிக்கு அஞ்சு தப்பு தீந்துச்சு" என்று அப்பாவிடம் காட்டுவாய். "தப்ப காட்டி பெரும பேசற ஒரே ஆளு நீதாம்மே" என்பார் அவர்.

வடிவியலில் மட்டும் உனக்கு அம்பே விழாது. அடிக்கோடு, கவராயம், வில், முனை, எல்லாம் அச்சில் போட்ட மாதிரி வரும். உன் கைக்கு அளவு புதிதா என்ன? நான் எதிரில் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்துக்கொள்வேன், எண்ணைச் சொல்வேன், நீ கோடு இழுப்பாய். "இது நம்மளுது பாப்பா. அல்ஜீப்ராதான் பேஜாரு" என்பாய்.

பரீட்சை வாணியம்பாடியில். அப்பா காலையிலேயே குளித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார். "ஏறு, பஸ்ஸுக்கு லேட்டாவுது" என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

திரும்பி வந்ததும் என்னை உட்கார வைத்து, "முக்கோணம் எப்டி போட்டேன்னு அப்டியே போட்டுக் காட்றேன் பாரு" என்று நோட்டில் போட்டாய். ஸ்கேலைப் பிடிக்க நான் வந்தேன். "வேணாம், அங்க யாரு புடிச்சாங்க? தனியாத்தான போட்டேன்." அடிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் என்று கேள்வி. நீ கடகடவென்று கோடு இழுத்து முடித்து, "மடிச்சா கரெக்டா உக்காரும். எட்டு மார்க்கும் நம்மளுது" என்று சிரித்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாய்.

நான் சும்மாதான் ஸ்கேலை வைத்தேன். ஏழு இருந்தது.

திரும்ப வைத்தேன். ஏழுதான். உடனே புரிந்துவிட்டது. ஷூவின் மேல்தோலை வெட்டும்போது, மடிப்பதற்கென்று ஓரத்தில் அஞ்சு மில்லி கூடுதலாக விடுவார்கள். அந்த அஞ்சு மில்லியைத்தான் நீ பதினொரு வருஷமாகத் தடவி மடித்துத் தட்டிக்கொண்டிருந்தாய். ஸ்கேல் பிடிக்க ஆளில்லாத இடத்தில், பயத்தில், உன் கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. இந்தப் பக்கம் அஞ்சு மில்லி, அந்தப் பக்கம் அஞ்சு மில்லி. பரீட்சைத்தாளில் முக்கோணத்துக்கு மடிப்புக்கு இடம் விட்டிருக்கிறாய்.

அம்புப் பட்டை என் மடியிலேயே இருந்தது. ஒரு அம்பை உரிக்கவும் உரித்தேன். அடுப்படியிலிருந்து நீ ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அம்பைத் திரும்பப் பட்டையிலேயே ஒட்டிவிட்டேன். முடிந்துபோன பரீட்சைக்கு எதற்கு என்று நினைத்தேன்.

இருபத்தொன்பது மார்க் வந்தது. பாஸுக்கு ஆறு குறைவு. அந்த முக்கோணத்துக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நான் கூட்டிப் பார்த்தேன். எட்டும் முழுசாக வந்திருந்தால் முப்பத்தேழு. அப்பா கேலி செய்யவில்லை. "போதும் வுடு, ஒனக்கு அதுக்கு மூள இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். கேலியைவிட அது மோசமாக இருந்தது. நீ முகம் கழுவிக்கொண்டு வந்து, "அல்ஜீப்ராலதான் போச்சு. இன்னொரு தபா எழுதறேன்" என்றாய்.

அதற்கப்புறம் நீ வடிவியலைத் தொடவே இல்லை. அது நம்மளுதுதானே. கண் எரிய எரிய அல்ஜீப்ராவையே போட்டாய். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் உட்காருவாய். மூடியில் அம்புகள் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டன. தினமும் நினைப்பேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று. நீ பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒரு முக்கோணம்தான். அதில் போய் எப்படி ஒட்டுவது? நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. வேலூரில் சேர்த்தோம். நாலாம் நாள் கொஞ்சம் தெளிந்து, "சும்மா படுத்திருந்தா பைத்தியம் புடிக்குது, நோட்ட குடு" என்றாய். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "இந்த தபா பாஸ் பண்ணிட்டு செக்கர் கோட்டு போட்டுக்னு ஷமீமுக்கு மொத அம்பு ஒட்டணும். எத்தினி வருஷமா மடிக்கறா, இன்னும் கோணதான்" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மாகூடச் சிரித்தது.

இனியும் சொல்லாவிட்டால் நீ அதே முக்கோணத்தைத்தான் போடுவாய். நீ கண்ணை மூடியிருந்தபோது நோட்டில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி, அடிக்கோட்டின் நடுவில் ஒரு அம்பை ஒட்டினேன். விரித்தபடியே உன் வயிற்றின்மேல் வைத்தேன். பக்கத்தில் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தேன். நீ பார்க்கும்போது உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. "சுடுதண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே "ம்" என்றாய்.

சுடுதண்ணீர் வாங்கின பிறகும் வேண்டுமென்றே மெதுவாக வந்தேன். அரைமணி நேரம் இருக்கும். கட்டில் காலியாக இருந்தது. திடீரென்று மூச்சு வாங்கியதாம், ஐசியூவுக்குள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். பக்கத்துக் கட்டில் அம்மா உன் சாமான்களையெல்லாம் பையில் அள்ளிப் போட்டு என் கையில் கொடுத்தது. அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

நாலு மாதமாகப் பையை நான் ஏன் திறக்கவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். எல்லோருக்கும் கடைசியாக அம்மாவுக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று இருந்திருக்கும். ஒரு வாய்க் கஞ்சி, ஒரு முத்தம். நான் கடைசியாக உனக்குக் கொடுத்தது ஒரு சிவப்பு அம்பு. உனக்கிருந்த ஒரே பெருமையின் நடுவில் அதை ஒட்டிவிட்டு, பக்கத்தில் நிற்காமல் ஓடிப்போனேன். மூச்சு வாங்கியது அதைப் பார்த்துத்தானோ என்றுகூட நினைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன காரணம் வேறு. எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் நினைப்பு நிற்கிறதா?

பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் உன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். காலை ஆறரைக்கு ஹைவேயில் நின்று பஸ் ஏறுகிறேன். பஸ்ஸில் எல்லோரும் பேசுகிறார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தண்ணீரில்லாத பாலாற்றைப் பார்க்கிறேன். ஷமீம் அக்கா பேச்சுக் கொடுப்பாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்வேன். "உங்கம்மா வாய உனக்கு குடுக்காம தானே எடுத்துக்னு போய்ட்டா" என்பாள். சாயங்காலம் வந்தால் அப்பாவும் நானும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறோம். சோறு கொதிக்கிற நேரம்தான் ரொம்ப நீளமாக இருக்கிறது.

நேற்று அந்த நேரத்தில்தான் பையை இறக்கினேன். துண்டு, சீப்பு, ஒரு ஆரஞ்சு காய்ந்து கல்லாகியிருந்தது. அடியில் நோட்டு. அந்தப் பக்கத்தைத் திறக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

அம்பு இல்லை.

ஏழு சென்டிமீட்டர் முக்கோணம் இருந்தது. நான் ஒட்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது, நகத்தால் கிள்ளிய கீறலோடு. அதற்குக் கீழே பென்சிலில் புதிதாக ஒரு கோடு. கொஞ்சம் நடுங்கியிருந்தது. அடிக்கோடு மட்டும்தான், மேலே ஒன்றுமில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மூடியில் இரண்டாவது வரிசையின் கடைசியில், மற்றவை போல நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்து, ஒரு அம்பு.

அப்பா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "இன்னாம்மா?" என்றார். நான் நோட்டை நீட்டினேன். கூடவே ஸ்கேலையும் நீட்டினேன். அவர் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆறு. கரெக்டா கீது."

இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார். "மேல எங்க?" என்றார். அப்புறம் அவருக்கே புரிந்து, நோட்டை என் மடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. சோறு குழைந்துபோயிற்று. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். சாப்பிடும்போது, "மூள இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாது நானு" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு. நீ கேட்டிருக்க வேண்டும், அம்மா.

ஷமீம் அக்காவின் பெண்ணுக்குக் கடையில் புதிய பாக்ஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உன்னுடையதைக் கொடுக்க முடியாது. காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

உன் கோட்டின்மேல் நான் எதுவும் வரையவில்லை. அது உன்னுடையது, அப்படியே இருக்கட்டும். இன்றைக்குச் சாயங்காலம் வேறு நோட்டில், அதே கேள்வியை நான் போட்டுப் பார்த்தேன். ஸ்கேல் பிடிக்க ஆளில்லை. அடிப்பக்கம் ஆறு. கடகடவென்று இழுத்து, வில் வெட்டி, முக்கோணத்தை முடித்து, அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அளந்தேன்.

ஏழு.

இரண்டு மாதம்தான் ஆகிறது மடிக்கத் தொடங்கி. அதற்குள் என் கையும் இரண்டு பக்கமும் இடம் விடப் பழகிவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ இருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டையில் முனை சரியில்லாத அம்புகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. ஒன்றை எடுத்து என் கோட்டின் நடுவில் ஒட்டினேன். கீழே திரும்பப் போட்டேன், ஆறில் பென்சிலை விரலால் பிடித்து நிறுத்தி. சரியாக வந்தது. நகத்தால் அம்பைக் கிள்ளி எடுத்து, மூடியில் உன்னுடைய சாய்ந்த அம்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

ஒட்டினவள் உரிக்கக் கூடாதுதான். இங்கே வேறு ஆள் இல்லை, அம்மா.